தலையெழுத்தா, தலைப் பொருத்தா?



இந்த மாத வகுப்புக்கு ஒரு பாடம் எழுதித் தரச் சொல்லி நம்ம அண்ணன் கேட்டார். "நீ என்ஜினியரிங் படிக்கிறே, பாலம் கட்டுறதைப் பத்தி எழுது தம்பி"ன்னு சொன்னார். நான் குழந்தைகளின் மண்டையோட்டைப் பற்றி எழுதுகிறேன். பாலமும் நடுவில் வரும், கவலை வேண்டாம்.

மண்டையோட்டின் மேல் வளைந்து நெளிந்து ஓடும் கோடுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும். பிரம்மா நம் தலையில் எழுதிய எழுத்து அதுதான் என்று என் பாட்டி சொல்வார். தோட்டத்தில் வளர்ந்த அவருக்கு அவருடைய அம்மா சொன்ன கதை. நம்மில் பல பேர் வீட்டிலும் இதைக் கேட்டிருப்போம். நானும் அதை ஒரு நல்ல கதையாகத்தான் வைத்திருந்தேன், என் அக்கா மகனுக்கு மொட்டை அடித்த நாள் வரைக்கும்.

முப்பதாம் நாள்

செமஸ்டர் லீவில் சித்தியவானுக்கு வந்திருந்தேன். ஆயர் தாவாரில் பாட்டி வீட்டில் குழந்தைக்கு முப்பதாம் நாள் சடங்கு. முடி இறக்கி, சந்தனம் பூசினார்கள். அப்போதுதான் தலை சரியாகத் தெரிந்தது. முன்னாலும் பின்னாலும் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கி இருந்தது. உச்சியில் நெற்றிப் பக்கமிருந்து பின்னால் வரை ஒரு மேடு. லூமுட் கரையில் சம்பானைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்களே, அதே மாதிரி.

"பிரசவத்துல அழுந்திருக்கும். எண்ணெய் தேச்சு உருவி விட்டா சரியாயிடும்" என்றார் பாட்டி. "தலை நீளமா இருந்தா அறிவாளி" என்றார் ஒரு பெரியம்மா. இன்னொருவர் அக்காவைப் பார்த்து, "கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தியாம்மா?" என்று கேட்டார். அக்கா முகம் வாடிப் போனது. நான் அந்த மேட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். என்னவோ சரியில்லை என்று தோன்றியது. ஆனால் பெரியவர்கள் பேசும்போது எதுக்கு என்று வாயைத் திறக்கவில்லை. லீவு முடிந்து கேம்பஸுக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதைத்தான் இப்போது உங்களுக்குப் பாடமாகத் தருகிறேன்.

மண்டையோடு ஒரே எலும்பு இல்லை

பிறந்த குழந்தையின் மண்டையோடு பல எலும்புத் தகடுகள் சேர்ந்தது. தகடுகளுக்கு நடுவே நார் போன்ற திசுவால் ஆன இணைப்பு இருக்கிறது. இதைப் பொருத்து என்கிறோம். பாட்டி சொன்ன எழுத்து இந்தப் பொருத்துகள்தான். பல பொருத்துகள் சந்திக்கும் இடத்தில் மெத்தென்று இருப்பதுதான் உச்சிக்குழி. முன்னால் இருக்கும் பெரிய உச்சிக்குழி பெரும்பாலும் 1 வயதுக்கும் 2 வயதுக்கும் நடுவில் மூடும்.

பொருத்து எதற்கு? இரண்டு வேலைகள். பிரசவத்தின்போது தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறி, தலை வெளியே வர வழி விடும். பிறகு மூளை வளர வளர மண்டையோடும் விரிய இடம் கொடுக்கும்.

டிண்டிங் ஆற்றுப் பாலத்தில் காரில் போகும்போது 'டக், டக்' என்று சத்தம் கேட்கும். பாலத்தின் துண்டுகளுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளி அது. வெயிலில் பாலம் விரியும். இடைவெளி இல்லாவிட்டால் கான்கிரீட் வெடித்துவிடும். மண்டையோட்டுப் பொருத்தும் கிட்டத்தட்ட அதே வேலைதான் செய்கிறது. ஒரு வித்தியாசம்: பாலத்தின் இடைவெளி சும்மா இருக்கும். பொருத்தோ, மூளை உள்ளிருந்து தள்ளத் தள்ள, தன் இரண்டு ஓரத்திலும் புது எலும்பை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு வேகம் தெரியுமா? பிறக்கும்போது தலைச்சுற்றளவு சுமார் 35 செ.மீ. முதல் பிறந்தநாளில் சுமார் 46 அல்லது 47 செ.மீ. ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட 12 செ.மீ.! அதற்குப் பிறகு பெரியவனாகும் வரை கூடுவது ஏறக்குறைய 10 செ.மீ.தான். மூளையின் எடையும் முதல் வருஷத்திலேயே இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அதனால் தலை விஷயத்தில் முதல் வருஷம் ரொம்ப முக்கியம்.

பொருத்து முன்கூட்டியே மூடினால்

சில குழந்தைகளுக்கு ஒரு பொருத்து, சில சமயம் பல பொருத்துகள், தாயின் வயிற்றிலேயே எலும்பாக மாறி ஒட்டிக்கொள்ளும். இதற்குக் கிரேனியோசினோஸ்டோசிஸ் என்று பெயர். 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. நம் நாட்டில் வருஷத்துக்கு நாலு லட்சம் குழந்தைகள் பிறப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், 160 முதல் 200 குழந்தைகள். எங்கோ யாருக்கோ வரும் நோய் என்று ஒதுக்க முடியாது.

1851-இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ ஒரு விதி சொன்னார். மூடிய பொருத்துக்குக் குறுக்கே வளர்ச்சி நின்றுபோகும். அந்தப் பொருத்து ஓடும் திசையில் வளர்ச்சி கூடும். இந்த ஒரு விதி தெரிந்தால் தலையின் வடிவத்தைப் பார்த்தே எந்தப் பொருத்து மூடியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

• உச்சியில் முன்பின்னாக ஓடும் பொருத்து மூடினால்: தலை அகலமாக முடியாது, நீளமாகும். உச்சியில் மேடு தெரியும். அதிகம் காணப்படுவது இதுதான், ஆண் குழந்தைகளுக்கே கூடுதலாக வருகிறது. மருத்துவர்கள் இந்த வடிவத்துக்கு வைத்த பெயரும் படகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். என் சம்பான் ஞாபகம் தப்பில்லை!

• நெற்றி நடுவில் இருக்கும் பொருத்து மூடினால்: மேலிருந்து பார்க்க நெற்றி முக்கோணமாக இருக்கும். இந்தப் பொருத்து இயல்பாகவே முதல் வருஷத்தில் மூடிவிடும் என்பதால், லேசான மேடு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

• ஒரு காதிலிருந்து மறு காதுப் பக்கம் குறுக்கே ஓடும் பொருத்தில் ஒரு பாதி மூடினால்: அந்தப் பக்க நெற்றி தட்டையாகி, கண்குழி மேலே இழுபடும். இரண்டு பாதியும் மூடினால் தலை குட்டையாகவும் அகலமாகவும் உயரமாகவும் போகும்.

• பின்தலைப் பொருத்து மூடுவது மிக அபூர்வம்.

வடிவம் மட்டும்தான் பிரச்சினையா? இல்லை. மூளைக்கு இடம் போதாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அது நீடித்தால் கண் நரம்பு பாதிக்கப்பட்டு பார்வை குறையலாம், வளர்ச்சியும் பின்தங்கலாம். ஒரு பொருத்து மட்டும் மூடிய குழந்தைகளுக்கு இந்த ஆபத்து குறைவு. பல பொருத்துகள் மூடினால் அதிகம்.

காரணம்? ஒரே பொருத்து மூடிய பெரும்பாலான குழந்தைகளுக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இது இருக்காது. குரூசோன், ஏபெர்ட் போன்ற சில நோய்க்கூட்டங்களில் மரபணு மாற்றம் காரணம். கிரகணம் காரணம் இல்லை. அம்மா சாப்பிட்டதோ, படுத்ததோ, பார்த்ததோ காரணம் இல்லை. இந்தப் பாடத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பிள்ளை பெற்றுக் களைத்துப் போயிருக்கும் ஒரு பெண்ணிடம் "நீ என்ன செஞ்சே?" என்று கேட்பதைவிடக் கொடுமை வேறு இல்லை.

தட்டைத் தலை எல்லாம் நோய் இல்லை

பிரசவத்தில் அழுந்திய தலை சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில், தானே சரியாகும். பாட்டி சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. அதே போல எப்போதும் ஒரே பக்கமாகப் படுக்கும் குழந்தைக்குப் பின்தலை ஒரு பக்கம் தட்டையாகும். இதில் பொருத்து திறந்தேதான் இருக்கும். அறுவை சிகிச்சை தேவையில்லை. விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே குப்புறப் படுக்க வைத்து விளையாட விடலாம், தலை திரும்பும் பக்கத்தை மாற்றி மாற்றி விடலாம். தூங்கும்போது மட்டும் மல்லாந்துதான் படுக்க வேண்டும்.

படுக்கையால் தட்டையானால் அந்தப் பக்கக் காது முன்னால் தள்ளியிருக்கும், மேடு எதுவும் இருக்காது. பொருத்து மூடியிருந்தால் பெரும்பாலும் கோட்டின் மேல் கெட்டியான மேடு தட்டுப்படும். நாள் போகப் போக வடிவம் சரியாவதற்குப் பதில் இன்னும் மோசமாகும். அப்படி ஒட்டிய எலும்பை எண்ணெய் தேய்த்து உருவிப் பிரிக்க முடியாது. எண்ணெய் தேய்ப்பது தப்பில்லை. அழுத்திப் பிடித்து வடிவம் பண்ணப் பார்ப்பதுதான் தப்பு.

தப்பிலிருந்து கற்ற மருத்துவம்

இந்த அறுவை சிகிச்சையின் தொடக்கம் சோகமானது. 1890-இல் பாரிஸில் லான்லோங், அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் லேன், மண்டையோட்டில் பட்டை பட்டையாக எலும்பை வெட்டி எடுத்தார்கள். ஆனால் அன்று அறுவை செய்யப்பட்ட குழந்தைகளில் பலருக்குப் பொருத்து மூடியதால் தலை சிறுக்கவில்லை. மூளையே வளராததால்தான் தலை சிறியதாக இருந்தது. காரணத்தையும் விளைவையும் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். 1894-இல் ஆபிரகாம் ஜகோபி என்ற குழந்தை மருத்துவர், இப்படிச் சிகிச்சை பெற்ற 33 குழந்தைகளில் 15 பேர் இறந்ததை எடுத்துக்காட்டிக் கடுமையாகக் கண்டித்தார். அதோடு இந்த முறை ஏறக்குறைய கைவிடப்பட்டது.

1927-இல் ஃபேபர், டவுன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், சரியான குழந்தையைத் தேர்ந்தெடுத்துச் சீக்கிரமே செய்தால் பார்வையைக் காப்பாற்றலாம் என்று எழுதினார்கள். 1967-இல் பிரான்ஸின் பால் டெசியே, மண்டையோட்டையும் முக எலும்புகளையும் ஒன்றாகத் திறந்து நகர்த்தும் தன் முறையை ரோமில் நடந்த மாநாட்டில் விளக்கினார். கண்குழியையே இடம் மாற்றலாம் என்று உலகம் அன்றுதான் நம்பியது.

இன்று எப்படிச் செய்கிறார்கள்?

முதல் முறை, எண்டோஸ்கோப்பி. உச்சியில் இரண்டு சின்ன வெட்டு, அதன் வழியே கேமரா, மூடிய பொருத்தை ஒரு பட்டையாக எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் ஹிமெனெஸ், பரோன் தம்பதி இதை 1998-இல் வெளியிட்டார்கள். பிறகு பல மாதம் குழந்தைக்கு அளவெடுத்துச் செய்த ஹெல்மெட். மூளை தள்ளும், ஹெல்மெட் திசை காட்டும். இது எலும்பு மெலிதாக இருக்கும் முதல் சில மாதங்களில்தான் நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது, ஸ்பிரிங். சுவீடனில் லாரிட்சன் 1990-களின் கடைசியில் தொடங்கியது. பொருத்தை வெட்டிவிட்டு நடுவில் வளைத்த எஃகுக் கம்பி ஒன்றைப் பொருத்துவார்கள். அது மெதுமெதுவாக விரிந்து எலும்பை அகட்டும். சில மாதம் கழித்து எடுத்துவிடுவார்கள். பள்ளியில் படித்த ஹூக் விதி ஒரு குழந்தையின் தலைக்குள் வேலை செய்கிறது!

மூன்றாவது, திறந்த அறுவை சிகிச்சை. காதிலிருந்து காது வரை தோலைத் திறந்து, எலும்புத் தகடுகளை வெளியே எடுத்து, வெட்டி, வளைத்து, புது வடிவத்தில் அடுக்கிப் பொருத்துவார்கள். இணைக்கும் தகடும் திருகும் நாளடைவில் உடம்பிலேயே கரைந்துவிடும் வகை. பெரும்பாலும் முதல் பிறந்தநாளை ஒட்டிய மாதங்களில் செய்வார்கள். சின்ன வயதில் மூளையின் மேலுறையே புது எலும்பை உண்டாக்கி இடைவெளியை நிரப்பும். 2 வயதுக்கு மேல் அந்தத் திறன் குறைந்துவிடும்.

நான்காவது, பல பொருத்துகள் மூடியவர்களுக்கு டிஸ்ட்ராக்டர். எலும்பை வெட்டி, நடுவில் திருகு வைத்து, ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் திருப்புவார்கள். இடைவெளியில் புது எலும்பு வளரும். சைபீரியாவில் இலிசாரோவ் கால் எலும்பை நீட்டக் கண்டுபிடித்த அதே தத்துவம்.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இப்படிப்பட்ட குழந்தைகளை நரம்பியல் அறுவை மருத்துவர், முகத்தாடை அறுவை மருத்துவர், கண் மருத்துவர், குழந்தை மருத்துவர் எல்லாரும் ஒரு குழுவாகச் சேர்ந்து பார்க்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தின் நரம்பியல் அறுவை மருத்துவர் பேராசிரியர் விக்னேஸ் வரன் குழு, நோயாளியின் ஸ்கேனிலிருந்து முப்பரிமாண அச்சில் தலை மாதிரி செய்து, இளம் மருத்துவர்கள் பழகக் கொடுத்தது. தோல் மென்மையாக, எலும்பு கெட்டியாக, உள்ளே கட்டிகூட வைத்து, ஒரே அச்சில்! 2014-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அது மூளைக்கட்டி அறுவைக்கானது. ஆனால் குழந்தையின் மண்டையோட்டை எங்கே வெட்டி எங்கே வைப்பது என்று முன்கூட்டியே திட்டமிடவும் உலகெங்கும் இதே தொழில்நுட்பம் பயன்படுகிறது. என்ஜினியரிங் படிப்பவர்களே, நமக்கு ஆஸ்பத்திரியிலும் வேலை இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதையின் மீதி

மொட்டை அடித்த பிறகு அக்கா ஒரு கிளினிக்கில் கேட்டார். சுற்றளவை அளந்து, "நார்மல்தான், வளர வளர சரியாயிடும்" என்றார்கள். இங்கேதான் ஏமாந்தோம். தலை நீளமாகப் போகும்போது சுற்றளவு குறையாது. நார்மலாகவோ கூடுதலாகவோகூட இருக்கும். எண் சரி, வடிவம் தப்பு. ஆறாவது மாதத் தடுப்பூசிக்குப் போனபோது வேறொரு மிஸ்ஸி உச்சியில் விரலை வைத்து நெடுக ஓட்டிப் பார்த்தார். உடனே டாக்டரைக் கூப்பிட்டார். கோலாலம்பூருக்குக் கடிதம் கொடுத்தார்கள்.

சின்ன வெட்டோடு முடிந்திருக்கக்கூடிய காலம் தாண்டிவிட்டது என்று அங்கே சொன்னார்கள். பத்தாவது மாதத்தில் திறந்த அறுவை சிகிச்சை.

மயக்க மருந்து டாக்டர் அக்காவிடம் ஒரு கணக்குச் சொன்னார். குழந்தையின் உடம்பில் ஒரு கிலோவுக்குச் சுமார் 80 மில்லி இரத்தம். 8 கிலோ பிள்ளைக்கு 640 மில்லி. ஒரு மினரல் வாட்டர் பாட்டிலை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். தலைத்தோலிலும் எலும்பிலும் இரத்த ஓட்டம் அதிகம். கசிவைக் குறைக்க மருந்து உண்டு, ஆனாலும் பெரும்பாலும் இரத்தம் ஏற்ற வேண்டி வரும். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய கணக்கெல்லாம் போடத் தெரிந்த எனக்கு, முப்பதாம் நாளில் ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லையே என்று இருந்தது.

அவனுக்கு யாரோ முகம் தெரியாத ஒருவர் கொடுத்த இரத்தம் ஏறியது. அந்த மனிதர் எந்த முகாமில் கொடுத்தாரோ, என்ன இனமோ, என்ன மொழியோ, எங்களுக்குத் தெரியாது.

இரண்டு நாள் முகம் வீங்கி, கண்ணே திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கண் திறந்து அக்காவைத் தேடினான். இப்போது மூன்று வயது. தழும்பு நெளிநெளியாக முடிக்குள் மறைந்திருக்கிறது. கண் பரிசோதனைக்கு மட்டும் தவறாமல் போகிறான். ஓடுகிறான், விழுகிறான், என் லேப்டாப்பில் மைலோ ஊற்றுகிறான்.

விதியும் முயற்சியும்

பாட்டியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் துணையாகத் தரையில் பாய் போட்டுப் படுத்தவர் அவர்தான். "எனக்குத் தெரிஞ்சதைச் செஞ்சேன்யா. உனக்குத் தெரிஞ்சதை நீ சொல்லியிருக்கலாம்ல?" என்று ஒரு நாள் கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

திருவள்ளுவர் ஊழ் என்று ஓர் அதிகாரம் எழுதினார். ஆள்வினையுடைமை என்று இன்னோர் அதிகாரமும் எழுதினார். முதலாவதை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. பொருத்து மூடியது யார் கையிலும் இல்லை. ஆறு மாதம் போனது எங்கள் கையில் இருந்தது.

நாம் செய்யக்கூடியது

1. வீட்டில் குழந்தைக்கு மொட்டை அடிக்கும்போது தலையை மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்து மாதா மாதம் ஒப்பிடுங்கள்.

2. கிளினிக் பதிவேட்டில் தலைச்சுற்றளவு வளைகோடு இருக்கும். எண்ணோடு வடிவத்தையும் கேளுங்கள். "இந்த மேட்டைக் கொஞ்சம் தொட்டுப் பார்ப்பீங்களா, டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

3. சந்தேகம் தீரவில்லையா? இன்னொரு டாக்டரிடம் போங்கள். 3 மாதத்துக்குள் போனால் வழிகள் அதிகம். ஸ்கேன் தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

4. 18 வயதாகி, 45 கிலோவுக்குக் குறையாமல் எடையும் நல்ல உடல்நலமும் இருந்தால், நம் இயக்கம் நடத்தும் இரத்த தான முகாமுக்கு வாருங்கள். சான்றிதழுக்காக வர வேண்டாம். 640 மில்லியை நினைத்துக்கொண்டு வாருங்கள்.

கலந்து பேச

அ. மூடிய பொருத்து முன்பின்னாக ஓடினால் தலை ஏன் நீளமாகிறது? விர்ஹோவின் விதியைக் கொண்டு விளக்குங்கள்.

ஆ. தலைச்சுற்றளவு சரியாக இருந்தும் நோய் இருக்க முடியுமா? எப்படி?

இ. பெரியவர்கள் சொல்வது தப்பு என்று தோன்றினால், அவர்கள் மனம் நோகாமல் எப்படிச் சொல்லலாம்? இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் பாட்டியாகவும் ஒருவர் பேரனாகவும் பேசிப் பாருங்கள். எனக்கு இந்தப் பயிற்சியை யாராவது முன்பே கொடுத்திருக்கலாம்.

அடுத்த வகுப்பில் சந்திப்போம்.